கண்காணியின் கண்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்க. மாறுபடுவோர் மறுத்தெழுதுக, மகிழ்வேன்.

கணினி விளையாட்டுகள் குறித்த ஓர் ஆய்வரங்கில் அண்மையில் அமர்ந்திருந்தேன். வாசிக்கப்பட்ட கட்டுரைகளுள் பெரும்பாலானவை 2020இல் வெளிவந்த ‘ராஜி’ என்னும் விளையாட்டைப் பற்றியவை. புனேயைச் சேர்ந்த ஒரு சிறு குழு உருவாக்கியது அது. அதன் கதைப்பகுதிகள் நிழல்பாவை வடிவில் சொல்லப்படுவதால் நம் ஆய்வாளர்களுக்கு அது கரும்பு. தொன்மம், மரபு, மீட்டுருவாக்கம் என்று சொற்கள் உருண்டன. பிற்பகல் அமர்வில் விளையாட்டுத் தொழில்துறையைச் சேர்ந்த ஒருவர் உரையாற்றினார். அவர் கூறியதன் சாரம் இது: நூறு பேர் கொண்ட கலைக்குழுவை நடத்துபவருக்குப் படம் வரையத் தெரியவேண்டிய கட்டாயம் இல்லை, அட்டவணை நடத்தத் தெரிந்தால் போதும். அரங்கு கைதட்டியது. கைதட்டியவர்களுள் நுண்கலைத் துறைப் பேராசிரியர்களும் இருந்தனர் என்பதுதான் இப்பதிவை எழுதத் தூண்டியது. காலையில் கலையைப் போற்றிய அரங்கம், கலையைச் செய்வோரைப் பிற்பகலில் அட்டவணையிடம் ஒப்படைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றது.

என் மறுப்பைத் தொடங்குமுன் ஒரு சொல்லை முன்வைக்கிறேன். கங்காணி. பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் தமிழ் பேசி வாழும் எங்களுக்கு இச்சொல் வேறு வேறு எடையில் வந்து சேரும். (இவ்விரு நிலங்களையும் ‘கேரளத்தின் தமிழ் எல்லை’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு செல்ல எளிய வழி பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சின்னாறு கடந்து, மறையூர் ஏறுவதுதான். ஒரே மாநிலத்தின் இரு துண்டுகளை இன்னொரு மாநிலம் இணைக்கிறது.) சமவெளியில் வயல் வைத்திருந்தவன் வீட்டில் கங்காணி ஒரு பழங்கதை. லயத்தில் பிறந்தவன் வீட்டில் அது ஒரு பாட்டனின் கடன்.

சொல்லின் பிறப்பை மொழியியல் நண்பர்கள் அறிவர். கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. காண்பவன், கண்ணால் கருதிப் பார்ப்பவன். எத்தனை உயர்ந்த தொழிற்பெயர்! ஒரு கலைக்குழுவின் தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆனால் தேயிலை மலையில் அச்சொல்லுக்கு நேர்ந்தது வேறு. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து முன்பணம் கொடுத்து ஆள்பிடித்து வந்தவன், தான் கொண்டுவந்த தலைகளுக்குத் தலைக்காசு பெற்றவன், அந்தத் தலைகள் ஓடிவிடாமல் பார்த்தவன் கங்காணி ஆனான். பி. எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’ நாவலையோ, அதன் தழுவலாக 2013இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்தையோ அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அவன் பார்த்தான், ஐயமில்லை. கையைப் பார்த்தான், எடையைப் பார்த்தான், எண்ணிக்கையைப் பார்த்தான். காணும் தொழிலின் பெயர் எண்ணும் தொழிலுக்குப் போய்விட்டது.

கணினி விளையாட்டின் கலைக்கூடங்களிலும் இன்று அதுவே நிகழ்கிறது என்பதே என் வாதம். மிகை என்போர் தொடர்ந்து வாசிக்க.

அந்த வேலை எவ்வாறு நடக்கிறது என்று நம் ஆய்வரங்குகளில் ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன். ஒரு விளையாட்டில் வீரன் கடந்துசெல்லும் ஒரு பாறையை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒருவர் அதன் கருத்தோவியத்தை வரைகிறார். இன்னொருவர் ‘இசட்பிரஷ்’ போன்ற மென்பொருளில், களிமண்ணைப் பிசைவதுபோல, பல இலட்சம் முகங்கள் கொண்ட சிற்பமாக அதைச் செதுக்குகிறார். அவ்வளவு முகங்களை விளையாட்டு இயந்திரம் பெரும்பாலும் தாங்காது. எனவே சில ஆயிரம் முகங்களில் மறுபடியும் கட்டவேண்டும். பிறகு அதன் மேற்பரப்பைப் பழத்தோல் உரிப்பதுபோல் உரித்துத் தட்டையாக விரிக்கவேண்டும். மூலச் சிற்பத்தின் நுண்மைகளை அத்தட்டில் பதியவேண்டும். வண்ணம், ஈரம், பாசி, சொரசொரப்பு ஆகியவற்றைத் தீட்டவேண்டும். அருகில், நடுத்தொலைவில், வெகுதொலைவில் பார்க்கும்போது பயன்பட அதே பாறைக்கு மூன்று நான்கு எளிய பதிப்புகள் செய்யவேண்டும். ஒரு பாறைக்கு இவ்வளவு. ஒரு காட்டுக்குள் நூற்றுக்கணக்கான பாறைகளும் மரங்களும் வேர்களும் உள்ளன. அவற்றை முப்பது பேர், சிலசமயம் மூன்று நாடுகளில் இருந்துகொண்டு செய்கின்றனர். விளையாடுபவன் கண்ணுக்கு அவை ஒரே மழையில் நனைந்த ஒரே காடாகத் தோன்றவேண்டும்.

பல கைகளை ஒரே கையாகத் தோன்றச் செய்வது. கலைக்குழுத் தலைமையின் முழுப்பொருளும் இதுதான். இது எண்ணும் வேலையா, காணும் வேலையா?

தொழில்துறை நண்பர் மொழியிலேயே கேட்கிறேன், ஏனெனில் அவர் கணக்கை நம்புபவர். வேலை தொடங்குமுன் ஒரு மாதிரி செய்யப்படும்; அதைத் தலைவர் ஏற்றுக்கொண்டால் மற்றெல்லாரும் அதை அளவாகக் கொள்வர். அறுபது பேர் கொண்ட குழுவில், மாதிரியில் இருந்த ஒரு பிழையைத் தலைவரின் கண் தவறவிட்டது என்க. அதைத் திருத்த ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் ஆயிற்று என்க. நூற்றிருபது ஆள்நாள்; ஒரு மனிதரின் ஏறக்குறைய அரையாண்டு உழைப்பு. அட்டவணை இதனைத் ‘தாமதம்’ என்று பதிவுசெய்யும். யாருடைய தாமதம் என்று பதிவுசெய்யாது. பழி கடைசியில் முகம் வளைத்த இருபத்திரண்டு வயது இளைஞர் மேல் இறங்கும்.

நான் அறிந்த ஒருவர் இருக்கிறார். மூணாறு அருகே எஸ்டேட் லயத்தில் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியில் பயின்று, கோயம்புத்தூரில் அனிமேஷன் கற்று, பெருநகர் ஒன்றில் விளையாட்டுக்கலை நிறுவனத்தில் செடிகொடிகள் செய்பவராகச் சேர்ந்தவர். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. சேர்ந்த ஆண்டில் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: “அண்ணே, ‘இன்னும் இயற்கையா வேணும்’னு மட்டும் எழுதி ஏழு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. எதுல இயற்கை இல்லன்னு ஒருத்தரும் சொல்லல.” அந்தக் குறிப்பும் ஆங்கிலத்தில், ஒரு வரியில். எட்டாம் முறை ஏற்கப்பட்டது. எட்டாவதில் என்ன சரியாயிற்று என்பதும் அவருக்குத் தெரியாது. கவனிக்க: செடி எப்படி வளரும், மூடுபனியில் எந்தப் பச்சை முதலில் மறையும், இலை கிள்ளிக் கிள்ளி இடுப்புயரத்தில் மேசைபோல் ஆன தேயிலைப் புதருக்கு அடியில் தண்டு எப்படி முறுக்கிக் கிடக்கும் என்பதையெல்லாம் பிறந்தது முதல் பார்த்த கண் அவருடையது. அந்த அறையில் செடியைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவரிடம் எவரும் கேட்கவில்லை. அட்டவணையில் அதற்கான கட்டம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதத்தை மறைக்க விரும்பவில்லை. பெருங்குழுவில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் விளையாட்டு வெளிவராது. ஒருமை வேண்டுமானால் கீழ்ப்படிதல் வேண்டும். கலைஞர்களின் தனித்தன்மைக்கு இடமளித்தால் காடு கதம்பமாகிவிடும் என்பர். மேலும், இந்தியக் குழுக்கள் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகச் செய்பவை. முழு விளையாட்டையும் வாடிக்கையாளர் காட்டமாட்டார். நாற்காலி செய்பவருக்கு அது அரண்மனை நாற்காலியா சிறை நாற்காலியா என்பதே சொல்லப்படாத ஒப்பந்தங்களும் உண்டு.

முதற்பகுதியை ஏற்கிறேன். கீழ்ப்படிதல் வேண்டும். பாறை செய்பவர் தம் மனம்போன பாறையைச் செய்யக்கூடாது. ஆனால் எதற்குக் கீழ்ப்படிவது? ‘இந்தக் காட்டில் ஒளி எப்போதும் இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக வரும், ஆகவே பாறையின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் கண் அங்கே சிக்கிக்கொள்ளும், விளிம்பை மழுக்குக’ என்பது ஒரு விதி. அதற்குக் கீழ்ப்படிபவர் அடுத்த நூறு பாறைகளைத் தாமே சரியாகச் செய்வார். ‘இன்னும் இயற்கையாக’ என்பது விதியன்று, ஒரு முகச்சுளிப்பு. அதற்குக் கீழ்ப்படிபவர் நூறு முறையும் மேலாளர் முகத்தைப் பார்க்கவேண்டும். காரணம் சொல்ல நேரமில்லை என்பவருக்கு ஏழுமுறை திருப்பியனுப்ப மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் பகுதி உண்மையான தடை. எனினும் அரண்மனையா சிறையா என்று வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குவதற்காகத்தான் தலைவர் என்று ஒருவருக்குக் கூடுதல் ஊதியம் தரப்படுகிறது.

இனி என் பக்கத்து நண்பர்களிடம் வருகிறேன், அவர்களும் தப்பக்கூடாது. அதே அரங்கில் ஒரு கட்டுரை, பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்தே பெருங்கலைக் குழுவுக்கு நம் மரபு தரும் முன்மாதிரி என்றது. எனக்கு அக்கூத்தின்மேல் உள்ள பற்று சிறிதன்று. பகவதி கோயில் கூத்துமாடத்தில், நாற்பத்திரண்டடி நீளத் திரைக்குப் பின்னே, இருபத்தொரு விளக்கொளியில், மலையாளம் பேசும் புலவர்கள் கம்பனின் தமிழ்ச் செய்யுளைச் சொல்லி இரவெல்லாம் பொருள் விரிப்பதைக் கண்டவன் எவனும் மறக்கமாட்டான். கூனத்தறையின் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் துறையில் இனிப்பு வழங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் அது நாலைந்து பேர் இரவில் நடத்தும் கூத்து. பெரும்பாலும் குடும்பத்துக்குள் கைமாறிய கலை. பெண்கள் திரைக்குப் பின்னே அமர நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்த கலை. முந்நூறு அந்நியர்கள் ஒரே கூரையின்கீழ் மாதச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் கூடத்துக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. மரபைக் காட்டி இன்றைய உழைப்பின் சிக்கலை மூடுவது நம் துறைகளுக்குப் பழகிப்போன சோம்பல்.

ஆனால் ஒன்றை மட்டும் அக்கூத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தலைமைப் புலவர் திரையின் எந்தப் பக்கம் இருக்கிறார்? பாவையை அசைப்பவர்களோடு, அதே எண்ணெய்ப் புகையில். அவருடைய தலைமை செய்யுளை அறிந்ததனால் வந்தது. பக்கத்திலிருப்பவர் தடைவினா எழுப்பினால் விடைசொல்லக் கடமைப்பட்ட தலைமை அது. வரையத் தெரியாத தலைவர் திரைக்கு முன்னே நாற்காலி போட்டு அமர்ந்தவர். அவர் பார்வையாளர், பாவம், தன்னைத் தலைவர் என்று நினைத்துக்கொள்கிறார்.

பெயரைப் பற்றியும் பேசவேண்டும்.

விளையாட்டு முடிந்ததும் திரையில் உருளும் பெயர்ப்பட்டியலை எத்தனை ஆய்வாளர் வாசித்திருப்பீர்கள்? 2018இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’க்காக உழைத்து, முடியுமுன் விலகியவர்கள் பலருக்கு விளையாட்டுக்குள் இடமில்லை, தனி இணையப்பக்கம் ஒன்றில் நன்றி கூறப்பட்டது. 2021இல் ‘மெட்ராய்ட் டிரெட்’ வெளியானபோது, உருவாக்கக் காலத்தில் 25 விழுக்காட்டுக்குக் குறைவாகப் பணியாற்றியோர் பெயர் சேர்க்கப்படாது என்னும் விதி அதன் ஸ்பானிய ஸ்டூடியோவில் இருந்தது தெரியவந்தது. 2022இன் ‘கலிஸ்டோ புரோட்டோகால்’ பற்றியும் இதே முறையீடு எழுந்தது. அவர்கள் மேலைநாட்டு நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள், அவர்களுக்கே இந்நிலை. வெளிப்பணிக் குழுக்களுக்குப் பலவேளை நிறுவனப் பெயர் ஒருவரி கிடைக்கும். அறுபது பேரும் அந்த ஒருவரிக்குள் குடியிருக்கவேண்டும். பெயர் சேர்ப்பது எப்படி என்று பன்னாட்டு விளையாட்டு உருவாக்குநர் சங்கம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுள்ளது. அவை கட்டாயமல்ல, கலைக்குழுத் தலைவர் ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்விடயத்தில் நாம் இதைவிட ஒழுங்காக இருந்தோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் பெயர் உண்டு. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எந்த மனை என்பது உண்டு. குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சன் பெயர் உண்டு. நாவிதரும் தையற்காரரும் பட்டியலில் உண்டு. உடனே யாரேனும் ‘அது பாராட்டன்று, நெல் கணக்கு’ என்பார்கள். ஆம், கணக்குதான், ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அந்தப் பெண்கள் தம் விருப்பத்தாலா தஞ்சைக்கு வந்தார்கள் என்ற கேள்வியையும் நான் மறக்கவில்லை. ஆயினும் கணக்கில் பெயர் இருந்ததால்தான் அப்பங்கு இன்னாருடையது என்றாயிற்று. அவர் இறந்தால் அடுத்த உறவினர் கேட்கமுடிந்தது. தலை எண்ணிக்கை மட்டும் இருந்தால் எவரும் எதையும் கேட்கமுடியாது.

இது பழம்பெருமைக்காகச் சொன்னதன்று. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தது. இந்தியாவில், பெரும்பாலும் பெங்களூருவில், ஏறத்தாழ மூவாயிரம் பேர் ஒரே வாரத்தில் வேலையிழந்து நின்றனர். படத்துறைக் கலைஞர்களோடு விளையாட்டுக் கலைஞர்களும் அவர்களுள் இருந்தனர். வேலை தேடிச்செல்லும் கலைஞர் எதைக் காட்டுவார்? செய்த வேலையைக் காட்டக் கமுக்க ஒப்பந்தம் தடுக்கும். பட்டியலில் பெயரில்லாவிட்டால் செய்ததாகச் சொல்லவும் சான்று இல்லை. ஐந்தாண்டு உழைப்பு, கையில் வெறும் சம்பளச் சீட்டு. பெயர் என்பது இங்கே புகழாசை அன்று, அடுத்த மாத வாடகை.

நம் நாட்டில் இக்கலையின் வரலாறு என்ன சிறியதா? 1997இல் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், பன்னாட்டு விளையாட்டுகள் பலவற்றுக்குக் காரும் களமும் செய்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் கூடமாக வளர்ந்தது. 2019இல் ராக்ஸ்டார் அதை ஏறத்தாழ 79 இலட்சம் டாலருக்கு வாங்கித் தன்னோடு இணைத்தது. அந்த முந்நூறு பேர் எப்படிக் கற்றார்கள், யார் யாருக்குத் திருத்தம் சொன்னார், எந்த மொழியில் சொன்னார் என்பது பற்றித் தமிழில் ஓர் ஆய்வேடு உண்டா? ராஜியைப் பற்றி மட்டும் கட்டுரைக்குமேல் கட்டுரை. கதை உள்ளவற்றை ஆராய்கிறோம். உழைப்பு உள்ளவற்றை விட்டுவிடுகிறோம். இதில் நானும் குற்றவாளியே. என் ஆய்வேட்டின் முதல் வரைவில் ‘பணியாளர் எண்ணிக்கை’ என்றொரு அட்டவணை இருந்தது. எண்களைத் தவிர அதில் ஒரு மனிதர் இல்லை. நெறியாளர் அதைத்தான் மிகவும் பாராட்டினார்.

அரசுகளும் எண்ணத் தொடங்கிவிட்டன. கர்நாடகம் 2012இலேயே அனிமேஷன், விளையாட்டுத் துறைக்கெனக் கொள்கை வகுத்தது. நடுவணரசு 2022 வரவுசெலவுத் திட்டத்தில் பணிக்குழு அறிவித்தது. கேரளமும் 2024இல் தன் கொள்கையை ஏற்றது. இத்தனை வேலைவாய்ப்பு, இத்தனை நிறுவனம் என்பதே பேச்சு. நாளை கஞ்சிக்கோட்டிலோ கொச்சியிலோ கூடம் எழும். மலையிலிருந்தும் எல்லையிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் இறங்கிச் செல்வர். மென்பொருள் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள் ஏற்கெனவே ஆள்சேர்க்கத் தொடங்கிவிட்டன. கட்டணத்துக்குக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்கின்றனர். முன்பணம், கடன், தலைக்காசு. ஒப்புமை என் கற்பனையன்று.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலை பறிக்கும் பெண்கள் இருபது விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டுச் சாலையில் அமர்ந்தபோது, கம்பெனியோடு சேர்த்துத் தங்கள் சங்கத் தலைவர்களையும் அருகே விடவில்லை. பெம்பிளை ஒருமை. கூடை சுமக்காதவன் எங்களுக்காகப் பேசவேண்டா என்பதே அதன் உள்ளுறை. கூலி முழுதாய் வந்ததா, அமைப்பு பின்னர் என்னவாயிற்று என்பது தனிக்கதை. அதன் சரிவையும் கண்டோம். ஆனால் தலைமை என்பது எங்கிருந்து தகுதி பெறுகிறது என்ற கேள்வியை, எந்த மேலாண்மைப் பள்ளியும் கேட்காத கூர்மையில் அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய மக்களிடம் போய், வரையத் தெரியாதவர் உங்கள் ஓவியத்தைத் திருத்துவார் என்று சொல்வதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்குத்தான் அரங்கு கைதட்டியது.

நான் மேலே குறிப்பிட்ட பெண் இப்போது வேறொரு நிறுவனத்தில் மூத்த கலைஞர்; நான்கு இளையவர்களின் வேலையைப் பார்க்கும் பொறுப்பு வந்திருக்கிறது. ஏதோ ஒரு வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டம் செய்கிறார்கள். எந்த விளையாட்டு என்று அவர் சொல்லக்கூடாது, நானும் கேட்கவில்லை. அவர் எழுதிய முதல் திருத்தக் குறிப்பின் சொற்களை மட்டும் வாசித்துக் காட்டினார். தமிழிலேயே எழுதியிருந்தார், அந்த இளையவர் தேனிக்காரர் என்பதால்: “தண்டு தரையிலிருந்து நேராக எழுகிறது. கவாத்து வெட்டிய செடி அப்படி நிற்காது. முழங்கால் உயரத்தில் கிளை பிரியவேண்டும். வெட்டிய இடத்தில் பழைய காயம் முடிச்சாகத் தெரியவேண்டும். புதிய வெட்டு வெளிறியிருக்கும். சந்தேகமானால் வா, உட்கார்ந்து வரைந்து காட்டுகிறேன்.”

அந்தச் செடி இரண்டாம் முறையிலேயே ஏற்கப்பட்டதாம்.